வாயிற்காப்பும் வண்டியின் துருவும்

மோட்டார் வண்டியின் அழகைப் பேசுவோர் அதன் வண்ணத்தைப் பேசுவர். ஆற்றலைப் பேசுவோர் அதன் எந்திரத்தைப் பேசுவர். கதவோரத்திற் கறுத்துக் கிடக்கும் இரப்பர்ப் பட்டையைப் பற்றிப் பேசுவோர் மிக அரியர். ஆயினும், வண்டியின் உடல் நெடுநாள் நிலைத்தலும் விரைவில் அழிதலும் பெரும்பாலும் அப்பட்டையின் நலத்தைப் பொறுத்தனவாம். அது தேய்ந்தவழித் துரு எங்ஙனம் நுழைகின்றது என்பதையும், நுழையாவாறு காத்தல் எங்ஙனம் என்பதையும் இக்கட்டுரையின்கண் சுருங்க ஆராய்வோம்.

பட்டறைகளில் இப்பட்டையைப் ‘பீடிங்’ என்பர். யாமும் அப்பெயராலேயே வழங்குவோம். தொழிலாளர் நாவிற் பயிலும் சொல் பொருளை ஐயமின்றி உணர்த்துமாதலின், புதுச்சொல் படைத்துப் படிப்போரை மயக்குதல் வேண்டா.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார்க்கு எமது விடை இது. எம் விடுதித் தோழர் ஒருவரின் தந்தையார் ஸ்ரீரங்கத்தில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். அரங்கன் சந்நிதிக்கு வருவோரைச் சமயபுரத்துக்கும் திருவானைக்காவுக்கும், எம்மனோரை வேளாங்கண்ணிக்கும் ஏற்றிச் செல்வது அவர் தொழில். ஒரு கோடையில், பின்கதவின் கீழ்ப்புறத்தே தூசு கோடிட்டுப் படிவதைப் பட்டறையாளர் காட்டி, “ஐயா, பீடிங் போய்விட்டது; மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்” என்றார். வீட்டுச் செலவு முன்னின்றது, பீடிங் பின்னின்றது. இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன. தகுதிச் சான்று புதுப்பித்தற்கு வண்டியை ஆயத்தம் செய்தபோது, வாயிற்படியின் அடித்தகடு திருப்புளியின் முனை பட்ட அளவில் அப்பளம்போல் நொறுங்கிற்று. வைகுண்ட ஏகாதசிக்கு ஊர்தோறுமிருந்து மக்கள் திரளும் மார்கழி முழுதும் அவ்வண்டி பட்டறையிற் கிடந்தது. தோழரின் தேர்வுக் கட்டணம் கடன் வாங்கிக் கட்டப்பட்டது. யாம் பட்டறைக்குச் சென்று கண்டபோது அப்பெரியவர், “தம்பி, மழை மேலே பெய்தது, வண்டி கீழே செத்தது” என்றார். அச்சொல் எம் உள்ளத்தை விட்டு நீங்கிற்றில்லை. அதன் பொருளை நாடிச் சென்றதன் பயனே இக்கட்டுரை.

துருவின் இயல்பு

இரும்பு நீரொன்றினாலேயே துருப்பிடிப்பதன்று, காற்றொன்றினாலேயும் துருப்பிடிப்பதன்று. நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒருங்கு கூடியவழியே துரு தோன்றும். பள்ளியிற் செய்துகாட்டப்பெறும் எளிய சோதனை இதனை விளக்கும். மூன்று கண்ணாடிக் குழாய்களில் மும்மூன்று ஆணிகளை இடுக. ஒன்றில் ஈரத்தை உறிஞ்சும் பொருளிட்டு வாயை அடைத்துக் காற்றை உலர்வாக வைக்க. மற்றொன்றில், கொதிக்கவைத்துக் கரைந்த காற்று நீக்கிய நீரை ஊற்றி, அதன்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கவிடுக. மூன்றாவதில் வெறும் நீரைப் பாதியளவு ஊற்றித் திறந்து வைக்க. சில நாட்களில் மூன்றாங் குழாயின் ஆணிகள் மட்டுமே செம்பழுப்பு நிறம் பெறும்.

ஆதலின், துருவைத் தடுக்க நினைப்போர் நீரையேனும் காற்றையேனும் இரும்பினின்று விலக்கல் வேண்டும். வண்டியைக் காற்றினின்று விலக்கல் இயலாது. வண்ணப் பூச்சு இரண்டையும் ஒருவாறு விலக்கும். அது கீறப்பட்ட இடத்தில் நீரை விலக்குதலே எஞ்சிய வழியாகும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடந்த அளவிலேயே இரும்பின் அரிப்பு விரைவுறும் என்பர். நீர் தேங்கி நிற்கும் இடத்தில் அதன் விரைவைச் சொல்லவும் வேண்டுமோ!

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு நீர்த்துளியின் விளிம்பிற் பிராணவாயு மிகுதியாகவும், நடுவிற் குறைவாகவும் கிட்டும். இவ்வேற்றுமையால் ஒரே தகட்டின் இரண்டு இடங்களுக்கிடையே நுண்ணிய மின்னோட்டம் நிகழ, பிராணவாயு குறைந்த இடத்து இரும்பே கரைகின்றது. வெளிப்படையான இடத்தைவிட இடுக்கில் இரும்பு விரைந்து அழிதற்குக் காரணம் இதுவே. பீடிங்கின் அடியிலும், தரைவிரிப்பின் அடியிலும், இரு தகடுகள் மடிந்து பொருந்தும் மடிப்பிலும் துரு மறைந்து வளர்கின்றது. நாம் கண்ணாற் காணும் கொப்புளம் அதன் முடிவு. தொடக்கம் காணாவிடத்தே நிகழ்ந்து முடிந்தது.

அலுமினியத்தின்மேற் படியும் மெல்லிய படலம் அவ்வுலோகத்தை மூடிக் காக்கும். துருவோ அங்ஙனம் காப்பதன்று. அது நுண்துளைகள் மலிந்தது. ஈரத்தைப் பற்றி நிறுத்துவது. தான் தோன்றிய இரும்பைவிட மிகுந்த இடம் கொள்வது. அதனால் வண்ணப் பூச்சை அடியிலிருந்து தூக்கிப் பிளந்து, மேன்மேலும் நீர் புக வழி செய்கின்றது. உப்புக் கலந்த ஈரம் இச்செயலைப் பன்மடங்கு விரைவுபடுத்தும். திருச்சிராப்பள்ளி கடற்கரையினின்று விலகிய ஊர் என்று எண்ணி அமைந்திருத்தல் தகாது. வேளாங்கண்ணிக்கும் இராமேசுவரத்துக்கும் சென்று மீளும் வண்டி, கடற்காற்றின் உப்பைத் தன் இடுக்குகளிற் சுமந்து வருதல் கூடும்.

இவ்வுலோக அரிப்பு எத்துணைப் பெருங்கேடு என்பதற்கு நம் அண்மையிலேயே சான்றுண்டு. காரைக்குடியில் 1948ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், அரிப்பைத் தடுத்தல் ஒரு பெரும் ஆராய்ச்சித் துறையாகவே விளங்குகின்றது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் நல்கி அந்நிலையத்தைத் தம் ஊருக்குக் கொணர்ந்தார் என்பது தமிழர் அறிந்ததே.

மத்தேயு சுவிசேஷம் ஆறாம் அதிகாரத்தில், மண்ணுலகப் பொருட்குப் பகையாகப் பூச்சியோடு துருவும் கூறப்பட்டுள்ளது. அங்கே துரு என மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல்லுக்குத் ‘தின்றல்’ என்பதே நேர்ப்பொருள். நம் தொழிலாளரும் “தகட்டைத் துரு தின்றுவிட்டது” என்றே கூறுகின்றனர். வேற்று நாட்டார் பண்டை நூலும் நம் பட்டறை மொழியும் இவ்வாறு ஒருவழிப்படுதல் வியக்கற்பாலது.

பீடிங்கின் அமைப்பும் தேய்வும்

இரப்பர் மரத்தின் பால் இயல்பிலே வெயிலில் இளகிக் குளிரில் இறுகுவது. 1839ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் அதனொடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி, இரு நிலையிலும் நெகிழ்ச்சி குன்றாத இரப்பரை ஆக்கும் முறையைக் கண்டார். 1844இல் அதற்கு உரிமையும் பெற்றார். இந்நாளிற் கதவுப் பீடிங்குகள் பெரும்பாலும் இ.பி.டி.எம். எனப்படும் செயற்கை இரப்பரால் ஆக்கப்படுகின்றன. அது வெயிலையும் ஓசோனையும் நன்கு தாங்கவல்லது. பழைய வண்டிகளிலும், மலிவான மாற்றுப் பீடிங்குகளிலும் அத்தகைய உறுதியை எதிர்பார்த்தல் இயலாது.

பீடிங்கிற்கு இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, வாயிலின் தகட்டு விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பள்ளம். அதனுள்ளே கவ்வுதற்கென மெல்லிய உலோகத் துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். மற்றொன்று, உள்ளே வெற்றிடமுடைய மெத்தென்ற குழல். கதவு மூடும்போது அமுங்கி இடைவெளியை அடைப்பது இதுவே. கதவு திறந்தவுடன் அக்குழல் தன் வடிவத்துக்கு மீளல் வேண்டும். மீளும் ஆற்றல் உள்ளவரையிலும் அது காவலாகும்.

அவ்வாற்றல் குன்றுதற்குக் காரணங்கள் சில. பல்லாண்டு அமுங்கிக் கிடந்து அமுங்கிய வடிவிலேயே நின்றுவிடுதல் ஒன்று. நம்மூர்க் கோடை வெப்பம் 40 பாகையைக் கடக்கும் நாட்களில், வெயிலில் நிற்கும் வண்டியின் தகடு காற்றைவிட மிகுதியாகக் கொதிக்க, இரப்பர் இறுகுதல் இரண்டாவது. காற்றில் நுண்ணளவிற் கலந்துள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் இரப்பரைப் பிளத்தல் மூன்றாவது; வளைந்து இழுபடும் மூலைகளில் முதற்கண் வெடிப்புத் தோன்றுதல் இதனாலேயே. ஏறுவோர் காலும் மூட்டையும் உராய்தல் நான்காவது. மண்ணெண்ணெய், டீசல், எந்திர எண்ணெய் இவற்றாற் பளபளப்பேற்ற முயலுதல் ஐந்தாவது. இவை இரப்பரை ஊதிப் பருக்கச் செய்து வலியழிப்பன. பளபளப்பை விரும்பிக் காவலை இழத்தல் அறிவாகாது.

தேய்ந்த பீடிங் மூவகையாற் கேடு செய்கின்றது. முதலாவது, நீரை உள்ளே விடுகின்றது. இரண்டாவது, கவ்வும் பள்ளத்தினுட் புகுந்த நீரை வெளியே விடாது, ஈரத்துணிபோல் தகட்டின் விளிம்போடு ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்கின்றது. மூன்றாவது, இரப்பர் தேய்ந்தபின் உள்ளிருக்கும் உலோகத் துண்டுகளும், இடையிற் சிக்கிய மணல் துகள்களும், வண்டி அதிருந்தோறும் வண்ணப் பூச்சை உப்புத்தாள்போல் உராய்ந்து இரும்பை வெளிப்படுத்துகின்றன. காவிரி மணலும் சாலைப் புழுதியும் மிக்க இவ்வூரில் மூன்றாவது கேடு சிறிதன்று. காவலனே கள்வனாதல் இங்கே நிகழ்கின்றது.

நீர் தங்குமிடம்

மழை நீர் கதவின் மேற்புறத்தே புகுந்தாலும் அங்கே நில்லாது. தூணின் உட்புறமாக வழிந்து, வாயிற்படியின் உள்ளறையை அடையும். அன்றித் தரைவிரிப்பின் அடியிலுள்ள மெத்தையில் ஊறும். விரிப்பின் மேற்புறம் ஒரு நாள் வெயிலில் உலர்ந்துவிட, அடிமெத்தை வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மேலே உலர்ந்தமை கண்டு உரிமையாளர் கவலை நீங்குகின்றார்; துருவோ கவலையின்றி வளர்கின்றது. அப்பெரியவர் கூறியதன் பொருள் இதுவே.

கதவைப் பற்றி அறியவேண்டிய செய்தியொன்று உண்டு. கண்ணாடி ஏறியிறங்கும் வாயின் வழியே கதவின் உள்ளறைக்குட் சிறிது நீர் எப்போதும் புகும். அது குறையன்று, அமைப்பே அத்தன்மைத்து. புகுந்த நீர் வெளியேறுதற்பொருட்டுக் கதவின் அடிவிளிம்பிற் சிறு துளைகள் விடப்பட்டுள்ளன. அவற்றைத் தூம்பு என்னும் பழந்தமிழ்ச் சொல்லாற் குறிக்கலாம். பீடிங்கினின்று உதிர்ந்த இரப்பர்த் துகளும், புழுதியும், சருகும் அத்தூம்புகளை அடைத்துக்கொள்ளின், கதவு ஒரு தொட்டியாகின்றது. கதவை அசைக்கும்போது உள்ளே நீர் தளும்பும் ஒலி கேட்பின், அடிமடிப்புத் துருப்பிடிக்கத் தொடங்கிற்று என்று கொள்ளலாம்.

வாயிற்படியின் தகடு அழிதல் அழகின் குறை மட்டுமன்று. தனிச்சட்டத்தின்மேல் உடலை ஏற்றிய லாரி முதலியவற்றில் வலிமை அச்சட்டத்தில் உள்ளது. 2014இல் ஆக்கம் நின்றுபோன அம்பாசடர் முதலாக இந்நாளைய கார்களில் மிகப் பல, உடலும் சட்டமும் ஒன்றாய் அமைந்தவை. அவற்றில் வாயிற்படிப் பெட்டியே வண்டியைத் தாங்கும் உத்திரங்களுள் ஒன்று. மோதல் நிகழ்ந்தால் உள்ளிருப்போர் உயிரைக் காக்கும் உறுப்பும் அதுவே. உத்திரத்தைக் கறையான் அரித்த வீட்டில் வெள்ளையடித்து வாழ்வாரை நாம் எள்ளுவோம்; வாயிற்படியைத் துரு அரித்த வண்டியிற் பட்டி பூசி வண்ணமடித்துச் செல்வாரை என் சொல்வது?

வண்டித்தளத்தின் ஓட்டை எத்துணைக் கொடியது என்பதைத் தமிழகம் ஒருமுறை கண்ணீரோடு கற்றது. 2012ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில், பள்ளிப் பேருந்தொன்றின் தளத்திலிருந்த துளை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமியொருத்தி சாலையில் விழுந்து உயிரிழந்தாள். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வாண்டிலேயே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் தமிழகத்தில் இயற்றப்பட்டன. தளத்தில் உள்ள எத்துளையையும் சிறிதென்று பலகையிட்டு மூடுதல் ஆகாது என்பதே அப்பச்சிளங் குழந்தை விட்டுச்சென்ற பாடம்.

பொன்மலை கற்பிக்கும் பாடம்

தென்னிந்திய இரயில்வேயார் நாகப்பட்டினத்திலிருந்த தம் பெருந்தொழிற்சாலையை 1928ஆம் ஆண்டில் நம்மூர்ப் பொன்மலைக்கு மாற்றினர். எந்திரங்களும் பெட்டிகளும் குறித்த காலந்தோறும் அங்கே பழுது நீக்கப்பெறுகின்றன. 1955இல் தொடங்கிய பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பழைய வகை எஃகுப் பெட்டிகளில் துரு மிகுதியாகக் காணப்படும் இடங்கள் யாவை? கதவுகளின் அடிப்பகுதி, கைகழுவும் தொட்டியின் கீழ்ப்பகுதி, கழிவறையின் தளம், அவற்றின் அடியில் ஓடும் பக்கச் சட்டம் என்பனவே. பெட்டியின் நெடுஞ்சுவர் முழுதும் மழையில் நனைகின்றது. ஆயினும் அது அவ்வளவு கெடுவதில்லை. நனைந்து வழிந்து உலரும் இடம் பிழைக்கின்றது. கசிந்து தேங்கும் இடம் அழிகின்றது.

இக்குறையை நீக்க, அரிப்பை ஓரளவு தாங்கும் எஃகும், பின்னர்த் துருவேறா எஃகும் கையாளப்பட்டன. 2000ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானியத் தொழில்நுட்பத்தோடு வந்த எல்.எச்.பி. பெட்டிகள் துருவேறா எஃகை மிகுதியாகக் கொண்டவை. பெரம்பூரிற் பழைய வகைப் பெட்டியின் ஆக்கம் 2018இல் நின்றது. பேரரசின் இரயில்வே உலோகத்தையே மாற்றவல்லது. வாடகைக் கார் ஓட்டும் ஏழை உலோகத்தை மாற்ற வல்லரல்லர். அவர் கைக்கெட்டிய காவல் பீடிங்கும், தூம்பும், காலந்தவறாத கண்ணோட்டமுமே.

தேர்ந்தறியும் முறை

பீடிங்கின் நலத்தை அறிதற்குப் பெருங்கருவிகள் வேண்டா. எளிய வழிகள் ஐந்தினைக் கூறுவோம்.

முதலாவது, தூசுச் சோதனை. கோடையில் கதவைத் திறந்து வாயில் விளிம்பைப் பார்க்க. பீடிங்கைக் கடந்து உட்புறத்தே புழுதி கோடாகப் படிந்திருப்பின், அவ்விடத்தே காவல் தளர்ந்தது. தூசு புகும் வழியே நீரும் புகும். சித்திரைப் புழுதி ஐப்பசி மழைக்கு முன்னறிவிப்பு என்று கொள்க. இச்சோதனைக்குக் காசில்லை, காணும் கண்ணே வேண்டும்.

இரண்டாவது, தாள் சோதனை. ஒரு தாள் துண்டை வாயிலில் வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுக்க. சற்றே தடைப்பட்டு வருமாயின் பீடிங் நன்று. வழுக்கிக்கொண்டு வருமாயின் அவ்விடம் பழுது. ஒரு சாண் இடைவெளிவிட்டு வாயில் முழுதும் இவ்வாறு பார்க்க.

மூன்றாவது, சுண்ணக்கட்டிச் சோதனை. பீடிங்கின்மேற் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக் கதவை மூடித் திறக்க, கதவில் வெண்கோடு பதியும். கோடு அறுந்த இடமே இடைவெளி.

நான்காவது, நீர்ச் சோதனை. ஒருவர் உள்ளேயிருக்க, மற்றொருவர் கதவின் கீழ்ப்புறத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறி மென்மையாக நீர் ஊற்றுக. மேலிருந்து தொடங்கினால் நீர் எங்கும் வழிந்து, புகுந்த இடம் இதுவெனத் தெளிதல் இயலாது.

ஐந்தாவது, விரிப்பைத் தூக்கிப் பார்த்தல். அடிமெத்தையைக் கையால் அழுத்துக, முகர்ந்தும் பார்க்க. ஈர வாடை வீசின், நீர் நெடுநாளாகக் குடிபுகுந்துள்ளது.

காக்கும் முறை

பீடிங் இன்னும் நெகிழ்வோடிருப்பின், சோப்பு நீரில் நனைத்த துணியால் அதனையும் அதன் பள்ளத்தையும் துடைத்து உலர்த்தி, சிலிக்கோன் கிரீஸைச் சிறிதளவு தடவினாற் போதும். ஆடியிலும் ஐப்பசித் தொடக்கத்திலும் இதனைச் செய்து, அன்றே கதவின் தூம்புகளையும் ஒரு மெல்லிய மூங்கிற் குச்சியாற் குத்தித் திறந்துவிடுக. இரும்புக் கம்பி துளையின் ஓரத்து வண்ணத்தைக் கீறுமாதலின் அது வேண்டா.

பீடிங் இறுகியோ வெடித்தோ போயிருப்பின் மாற்றுதலே வழி. மாற்றுங்கால், பழையதைப் பிடுங்கியவுடன் புதியதைப் பொருத்திவிடுதல் பலர் செய்யும் பிழை. விளிம்பிற் செந்நிறம் தோன்றின், அதனைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் வெள்ளிரும்பு தோன்றும்வரை தேய்த்தல் வேண்டும். தேய்ப்புக்கு எட்டாத நுண்குழிகளிற் பாஸ்போரிக் அமிலம் சேர்ந்த துருமாற்றியைத் தடவி, அதற்குக் குறித்த நேரம் விட்டுத் துடைக்க. பின்னர்ப் பிரைமரும், அதன்மேல் வண்ணமும் பூசி முற்றும் உலரவிடுக. துருவின்மேல் வண்ணம் பூசுதல் பகைவனை வீட்டினுள் வைத்துக் கதவைப் பூட்டுதல் போல்வதாம்.

புதிய பீடிங் அவ்வண்டிக்கே உரிய வடிவினதாதல் வேண்டும். மெல்லியது இடைவெளியை அடையாது. தடித்தது கதவை மூட விடாது, கீல்களையும் வருத்தும். பொருத்தும்போது இழுத்துப் பொருத்தல் ஆகாது. இழுபட்ட இரப்பர் சில திங்களிற் சுருங்கி, மூலைகளில் வாய் பிளக்கும். மூலைகளிற் சற்றே தளர்வாக உட்செலுத்துதல் நன்று. இரு முனைகள் இணையும் இடம் மழைநீர் நேரே விழும் மேற்புறத்தில் அமையாதவாறு பார்த்துக்கொள்க. கீல் தேய்ந்து கதவே தொங்கியிருப்பின், எத்துணை நல்ல பீடிங்கும் பயன் தராது. முதற்கண் கதவை நேர்ப்படுத்தல் வேண்டும்.

மழையில் நனைந்த வண்டியை மூடியவாறே நாட்கணக்கில் நிறுத்தற்க. வெயில் தோன்றியவுடன் கதவுகளைத் திறந்துவைத்து, விரிப்பைத் தூக்கி உலர்த்துக. கடற்கரை ஊர்களினின்று மீண்டபின் வாயில் விளிம்புகளையும் அடிப்பகுதியையும் நன்னீராற் கழுவி உலரவிடுக.

வாடகை வண்டியாளர்க்கு ஒன்று சிறப்பாகக் கூறுவோம். எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கொரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் வாடகை வண்டிகள் தகுதிச் சான்று பெறல் வேண்டும். அத்தேர்வு நெருங்கிய பின்னர்த் துருவைத் தேடுவோர் டிங்கரிங் வேலைக்கும் வெல்டிங் வேலைக்குமே பணம் செலுத்துவர். வேலை நடக்கும் நாட்களின் வருவாயையும் இழப்பர். பீடிங்கின் விலை இவற்றோடு ஒப்பிடச் சிறிது. சிறு பிழையைப் பெரிதாகக் கருதி அஞ்சுதலே அறிவுடைமை என்பது திருக்குறளிற் குற்றங்கடிதல் அதிகாரத்தின் கருத்து. அது மன்னர்க்கு உரைத்தது எனினும் வண்டியோட்டுவார்க்கும் பொருந்தும்.

கொள்ளிடம்

ஸ்ரீரங்கம் இரண்டு ஆறுகளுக்கிடையே அமைந்த தீவு. முக்கொம்பிற் பிரியும் காவிரி தென்புறத்தும் கொள்ளிடம் வடபுறத்தும் ஓட, நடுவே ஊரும் கோயிலும் விளங்குகின்றன. வெள்ளம் மிகுங்கால் மிகை நீரைத் தாங்கிக் கடலுக்குக் கொண்டுசெல்வது கொள்ளிடம். அஃதின்றிக் கரைகளை மட்டும் உயர்த்தியிருப்பின் அத்தீவின் நிலை என்னாம்? ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டில் மேலணையைக் கட்டியபோதும், கொள்ளிடத்தை அடைத்துவிடவில்லை. வேண்டும் நீரைக் காவிரியில் விட்டு, மிகுந்ததைக் கொள்ளிடத்தில் விடவே வழி செய்தார்.

மோட்டார் வண்டியின் கதவிலும் இந்நெறியே அமைந்துள்ளது. பீடிங் அதன் கரை. தூம்பு அதன் கொள்ளிடம். கரை உடைந்தாலும் கேடு. கொள்ளிடம் அடைபட்டாலும் கேடு. நீரைத் தடுக்க ஒரு காவலும், தப்பிப் புகுந்த நீர் வெளியேற ஒரு வழியும் என இரண்டும் உள்ள வண்டியே நெடுநாள் நிற்கும்.

எம் தோழரின் தந்தையார் மீண்டும் வண்டி ஓட்டுகின்றார். வாயிற்படி புதிதாகப் பற்றவைக்கப்பட்டுள்ளது, பீடிங்கும் புதிது. சென்ற ஐப்பசியில் முதல் மழைக்கு முன்னாள், அவர் தம் வீட்டு வாயிலில் வண்டியை நிறுத்தி, கதவின் அடியில் மூங்கிற் குச்சியோடு குனிந்திருந்ததை யாம் கண்டோம். எம்மைக் கண்டு நகைத்து, “வாங்க தம்பி, கொள்ளிடத்தைத் தூர் வாருகிறேன்” என்றார். அன்றிரவு பெருமழை பெய்தது. மறுநாட் காலை விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது அடிமெத்தை உலர்ந்தே இருந்தது.